தடுப்பூசி வேண்டுமா என்பதை ஆண்டிபாடி எண் சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவிட் வந்து குணமான பிள்ளைக்குத் தடுப்பூசி இன்னும் தேவையா என்ற சந்தேகம் நம் பெற்றோர் பலருக்கு இருக்கிறது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் சிலர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போய், பிள்ளைக்கு இரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆண்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். எண் பெரிதாக வந்தால் ஊசி வேண்டாம் என்கிறார்கள். சிறிதாக வந்தால் பயந்து போகிறார்கள். இரண்டுமே தப்பு. இதைத் தங்கள் பத்திரிகை வழியாக நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. பினாங்கில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஒரு பிள்ளைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்லும் தகுதி எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஒரு தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் அடுக்குமாடியில், மேல்மாடியில் ஒரு குடும்பம். தாய்க்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. தகப்பன் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2 படிக்கிறாள். அவளுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். இமை வீங்கும், கால் வீங்கும். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அடங்கும். சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் மறுபடியும் கிளம்பும்.

அந்தத் தாய் தினமும் காலையில் பிள்ளையின் முதல் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையைத் தோய்த்து எடுப்பாள். புட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வண்ணக் கட்டங்களோடு அதை வைத்துப் பார்ப்பாள். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. பச்சை ஏறினால் புரதம் போகிறது என்று அர்த்தம். ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று பள்ளி நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறாள். தொடர்ந்து மூன்று நாள் இரண்டு பிளஸ்ஸோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார்கள்.

பிள்ளைக்குக் கோவிட் வந்தது. வீட்டில் செய்த ஆர்டிகே சோதனையில் இரண்டு கோடு. இருமலும் காய்ச்சலும் சில நாளில் போய்விட்டன, ஆனால் பட்டை பச்சையாகிவிட்டது. ப்ரெட்னிசோலோன் அளவைக் கூட்டினார்கள். அது அடங்கி பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது, மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தது. அதற்குள் யாரோ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஒரு தனியார் இடத்தில் ஆண்டிபாடி பரிசோதனை செய்துவிட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தாய் என்னிடம் வந்தாள். "ஆன்டி, மிஷினாலேயே எண்ண முடியாத அளவுக்கு இருக்கு. இனி எதுக்கு ஊசி?" என்று கேட்டாள். தாளில் 250 என்ற எண்ணும், அதற்கு முன்னால் 'அதற்கு மேல்' என்ற குறியும் இருந்தன.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணைப் பார்த்துத்தான் அவள் அந்தப் பிள்ளையை இவ்வளவு நாள் காப்பாற்றி வந்திருக்கிறாள். பட்டையின் எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு, அதற்கேற்ப என்ன செய்வது என்று டாக்டர் எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆண்டிபாடி எண்ணும் அதைப்போல ஒன்று என்று அவள் நினைத்தது இயல்பு. அது அப்படி இல்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு, காசு வாங்கிக்கொண்டு இரத்தம் எடுத்தவர்களுக்கு இருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி பொடி எழுத்தில் இருந்ததோடு சரி.

முதலில் அந்த 250 என்ன என்று பார்ப்போம். பரவலாகப் பயன்படும் ரோஷ் நிறுவனத்தின் பரிசோதனையில் கருவி நேரடியாக அளக்கும் எல்லை 250. அதற்கு மேல் போனால், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரான சீரத்தை நீர்த்துப் போகச் செய்து மறுபடி ஓட்டினால்தான் உண்மையான எண் வரும். ஓட்டாமல் விட்டால் 'அதற்கு மேல்' என்று தாளில் விழும். ஆக, கருவியின் அளவுகோல் அந்த இடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். பிள்ளையின் பாதுகாப்பு உச்சத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் ஆகாது.

அதே ரோஷ் பரிசோதனையில் 0.8 வந்தாலே பாசிட்டிவ். அபோட் நிறுவனத்தின் பரிசோதனையில் 50 வந்தால்தான் பாசிட்டிவ். ஒரே பிள்ளையின் ஒரே குழாய் இரத்தத்தை இரண்டு கருவியில் ஓட்டினால் இரண்டு வேறு எண் வரும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க உலகச் சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை ஏற்படுத்தியது. அதன்படி மாற்றிப் போட்டால் ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் புலனக் குழுக்களில் "என் மகனுக்கு 1,200, உங்கள் மகளுக்கு எவ்வளவு?" என்று பேசிக்கொள்கிறவர்கள் எந்தக் கருவி, எந்த அலகு என்று பார்ப்பதே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஹெப்பாடைட்டிஸ் பி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. மருத்துவமனை ஊழியர்களுக்கு மூன்று ஊசி முடிந்து ஓரிரு மாதத்தில் இரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது உலகமே ஒத்துக்கொண்ட கணக்கு. என் கையால் அந்தப் பரிசோதனையை எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். கோவிட்டுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் பிள்ளைக்கு மறுபடி வராது, இதற்குக் கீழ் இருந்தால் வரும் என்று எந்த நாட்டுச் சுகாதார அமைப்பும் எல்லை வகுக்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதத்திலேயே, தடுப்பூசிக்குப் பிறகு ஒருவருக்கு எவ்வளவு எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று அறிய ஆண்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. ஊசி போடாத ஒருவருக்கு ஊசி தேவையா என்று முடிவு செய்யவும் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் நிலை.

ஹெப்பாடைட்டிஸ் பி விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து எண் 10க்குக் கீழே இறங்கினாலும், முன்பு நன்றாக ஏறியிருந்தவருக்கு உடம்பின் ஞாபகம் மிச்சம் இருக்கிறது. கிருமி நுழைந்தால் மறுபடி உற்பத்தி தொடங்கிவிடும். கோடு இருக்கும் நோய்க்கே எண் குறைந்ததும் பாதுகாப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது என்றால், கோடு இல்லாத நோய்க்கு என்ன சொல்வது?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் எங்கு பார்த்தாலும் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். அடுத்த வாரம் போய் எண்ணினால் ஒருவர் இருவர்தான் கண்ணில் படுவார்கள். அதற்காக ஊரில் போலீஸ் நிலையமே இல்லை என்று சொல்வோமா? இரத்தத்தில் ஓடும் ஆண்டிபாடியும் அப்படித்தான். நோய் வந்த சில வாரங்களில் நிறைய இருக்கும், மாதங்கள் போகப் போகக் குறையும். அதை உண்டாக்கும் ஞாபக பி அணுக்களும், கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்கும் டி அணுக்களும் தங்கித்தான் இருக்கும். ஆய்வுக்கூடத் தாளில் அவை இடம்பெறுவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எண் குறைவாக வந்தாலும் கவலை இல்லையே, நோய் வந்ததே போதுமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் அவ்வளவு சுலபமாக இல்லை. பிள்ளைகள் உடம்பு பெரியவர்கள் உடம்பைப் போல நடந்துகொள்வதில்லை என்பது இந்த நோயில் தெரிந்த பெரிய விஷயம்.

மெல்பர்ன் நகரில் 2020இல் லேசான கோவிட் வந்தவர்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். கிருமியின் அளவு பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆண்டிபாடி உண்டானது பெரியவர்களில் 76 விழுக்காட்டினருக்கு, பிள்ளைகளில் 37 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் முதல் கட்டப் பாதுகாப்பு சுறுசுறுப்பாக இருக்கிறது, கிருமியைச் சீக்கிரம் விரட்டிவிடுகிறது, அதனால் ஆண்டிபாடி செய்யும் இரண்டாம் கட்டம் முழு வேகம் எடுப்பதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைக்கு லேசாக வந்து போனது நல்லதுதான். ஆனால் லேசாக வந்து போனதாலேயே அது நல்ல ஊசி போட்டதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டெக்சஸில் நடந்த இன்னொரு ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. 218 பிள்ளைகளிடம் மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். தொற்றால் ஆண்டிபாடி உண்டானவர்களில் 96 விழுக்காட்டினரிடம் ஏழு மாதம் கழித்தும் அது இருந்தது. நோய் கடுமையாக வந்ததா, அறிகுறியே இல்லாமல் போனதா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. புலனத்தில் சுற்றுகிற செய்திகள் இந்த ஆய்வைத்தான் பிடித்துக்கொள்கின்றன. இருந்தது என்பது உண்மை. இருந்தது புதிய ரகக் கிருமியை நிறுத்துமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் 2022 மே மாதத்தில் பதில் தந்தார்கள். கோவிட் வந்து, தடுப்பூசி போடாத பிள்ளைகளின் இரத்தத்தை எடுத்து வெவ்வேறு ரகங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். கடுமையாக நோய் வந்து படுத்திருந்த பிள்ளைகளிடம்கூட ஓமிக்ரானைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் மிகக் குறைவு. இரண்டு ஊசி போட்ட பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருந்தது. இங்கே ஓமிக்ரான் அலை எப்படி அடித்தது என்பதை நாம் மறந்திருக்க முடியாது. 2022 மார்ச் 5ஆம் தேதி ஒரே நாளில் 33,000 பேருக்கு மேல் பதிவானார்கள். முன்பே ஒருமுறை வந்து போன பலருக்கும் அந்த அலையில் மறுபடி வந்தது. பழைய ரகத்தால் உண்டான ஆண்டிபாடி தாளில் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், கருவி அதைப் பழைய ரகத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தை வைத்துத்தான் அளக்கிறது. அடுத்து வரப்போகும் கிருமியை அந்தக் கருவிக்குத் தெரியாது.

எந்த ஆண்டிபாடியை அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கிருமியின் முள் புரதத்துக்கு எதிரானது ஒன்று, உட்கருப் புரதத்துக்கு எதிரானது இன்னொன்று. கோவிட் வந்தவருக்கு இரண்டும் உண்டாகலாம். ஃபைசர் ஊசி போட்டவருக்கு முள் மட்டும்தான். சினோவாக் செயலிழந்த முழுக் கிருமியால் செய்தது என்பதால் இரண்டும் வரலாம். நம் நாட்டில் சினோவாக் போட்டவர்கள் நிறைய. அவர்களில் ஒருவருக்கு உட்கரு ஆண்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால், நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று அந்தத் தாளை வைத்துப் பிரிக்க முடியாது.

மேல்மாடிப் பிள்ளையைப் போன்றவர்களுக்கு இன்னும் சிக்கல். நெஃப்ரோடிக் மறுபடி கிளம்பும்போது ஆல்புமின் என்ற புரதத்தோடு ஆண்டிபாடிகளும் சிறுநீரில் போய்விடும். தாளில் இன்று பெருமையாக இருக்கும் எண் அடுத்த மாதம் அங்கேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போதாததற்கு அதிக அளவு ப்ரெட்னிசோலோன் எதிர்ப்பாற்றலை அமுக்கும். ஆக, எந்தப் பிள்ளைக்கு ஊசியின் தேவை அதிகமோ அந்தப் பிள்ளைக்கே இந்த எண்ணின் மதிப்பு மிகக் குறைவு. என் மனத்தை உறுத்தியது இதுதான்.

அந்தத் தாய் தாளை மருத்துவமனைக்கு எடுத்துப் போனாள். சிறுநீரகப் பிரிவு டாக்டர் அதைக் கோப்பின் பின்பக்கம் சொருகிவிட்டு, கோவிட் எந்தத் தேதியில் வந்தது, மாத்திரை இப்போது எத்தனை மில்லிகிராம், பட்டை எத்தனை நாளாக மஞ்சள் என்று கேட்டாராம். நோட்டு அப்போதுதான் பயன்பட்டது. மாத்திரை அளவு இறங்கியதும் போடலாம் என்று ஒரு வாரத்தைக் குறித்துக் கொடுத்தார். உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளுக்குத்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் தனிக் கவனம் வேண்டும், இது அந்த வகை இல்லை என்பதையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

நோய் வந்து போன பிள்ளைக்கு உடனே ஊசி போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நோய்க்கும் ஊசிக்கும் நடுவே இடைவெளி நல்லது. அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்வரை தள்ளிப்போடுவது பற்றி யோசிக்கலாம் என்பது சிடிசியின் வழிகாட்டி. அந்தக் காலத்தில் மறுபடி தொற்றும் வாய்ப்பு குறைவு, உடம்பும் முதல் பாடத்தை நன்றாகப் பதித்துக்கொள்ளும். நம் நாட்டில் 2022 பிப்ரவரி 3ஆம் தேதி 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஊசி தொடங்கியபோது, ஃபைசரின் இரண்டு ஊசிக்கும் நடுவே எட்டு வாரம் வைத்ததும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான். பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், இந்த வயதுக்கு 10. அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவதுக்கு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. கேட்டால், "அதற்குள் கோவிட் வந்துவிட்டது, அதனால் விட்டுவிட்டோம்" என்று சொன்ன பெற்றோர் எங்கள் வட்டாரத்திலேயே பலர்.

நோய் குணமான பின் ஏற்படும் மிஸ்-சி என்ற அழற்சியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கோவிட் லேசாக வந்து போய், இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து விடாத காய்ச்சல், வயிற்றுவலி, சிவந்த கண், தோலில் தடிப்பு என்று வரும், இதயத்தையும் பாதிக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். அமெரிக்காவில் 12 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் இரண்டு ஃபைசர் ஊசி இதை 91 விழுக்காடு தடுத்ததாகக் கணக்கிட்டார்கள். மிஸ்-சி வந்த பிள்ளைக்கு மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது வழக்கம். ஏற்றிய பிறகு ஆண்டிபாடி பரிசோதனை செய்தால் தாளில் வருவது இரத்தம் கொடுத்த யார் யாருடையதோ ஆண்டிபாடியாக இருக்கலாம். அதைப் பார்த்து மகிழ்ந்து என்ன பயன்? அத்தகைய பிள்ளைக்குக் கோவிட் ஊசி என்றால், முழுவதும் குணமாகி, குறைந்தது 90 நாள் போக வேண்டும். அவ்வளவு அதிக அளவில் ஏற்றியிருந்தால் தட்டம்மை முதலியவற்றுக்கான எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளைக்கூட 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். ஆகவே, மருத்துவமனையில் என்ன ஏற்றினார்கள் என்ற தாளைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்குக் கோவிட் ஊசி முன்னுரிமையில் கீழே இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 மார்ச்சில் சொன்னது. அந்தந்த நாடு முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஆனால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை ஆறு மாதக் குழந்தையிலிருந்தே முதல் வரிசையில் வைத்தது, வேறு நோயுள்ள பிள்ளைகளை நடு வரிசையில் வைத்தது. ஊசியால் இதயத்தசை அழற்சி வரும் ஆபத்தும் உண்மை. மிக அரிது, பெரும்பாலும் பதின்ம வயது ஆண் பிள்ளைகளுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு, பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். 5 முதல் 11 வயதில் இன்னும் குறைவு. ஊசி போட்டால் கோவிட்டே வராது என்றும் யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் சிங்கப்பூரில் இதே வயதுப் பிள்ளைகளிடம் ஓமிக்ரான் காலத்தில் பார்த்தபோது, இரண்டு ஊசி தொற்றைத் தடுத்தது 36.8 விழுக்காடுதான். மருத்துவமனையில் சேரும் நிலையைத் தடுத்தது 82.7 விழுக்காடு.

ஆக, நல்ல உடம்போடு இருக்கும், ஒருமுறை கோவிட் வந்து போன பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று ஒரு பெற்றோர் டாக்டரிடம் பேசி முடிவெடுத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். அதற்குக் காரணம் சொல்ல இடமிருக்கிறது. ஆனால் காரணம் பிள்ளையின் வயது, உடம்பு, வேறு நோய், மருந்து, கடைசியாக எப்போது தொற்றியது என்பதாக இருக்கட்டும். சீரத்தின் எண்ணாக இருக்க வேண்டாம்.

இரத்தம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளையின் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது; விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ப்ரெட்னிசோலோன் சாப்பிட்டுப் பூசினாற்போல் இருக்கும் கை என்றால் அதுவும் சிரமம். தாய் மடியில் உட்கார்த்தி, ஒருவர் முழங்கையைப் பிடிக்க, மற்றவர் வண்ணத்துப்பூச்சி ஊசியைச் சாய்த்து நுழைப்போம். பிள்ளை கையை இழுத்தால் நரம்பு நழுவும், மறுபடி குத்த வேண்டும். மஞ்சள் மூடிக் குழாயில் இரத்தம் ஏறி, உறைந்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ஜெல்லுக்கு மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும்போது அது ஒரு பிள்ளையின் அழுகைக்குப் பிறகு வந்தது என்பது ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். தேவையான பரிசோதனைக்கு அந்த அழுகை அழட்டும். பதிலே தராத பரிசோதனைக்கு ஏன் அழ வேண்டும்? நெஃப்ரோடிக் பிள்ளைக்குப் பல ஆண்டுகளும், தாலசீமியா பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கவும் குத்த வேண்டியிருக்கும். அந்தக் கைகளை மிச்சம் பிடித்து வைக்க வேண்டும்.

ஆண்டிபாடி பரிசோதனையே வீண் என்றும் நினைத்துவிட வேண்டாம். மிஸ்-சியா என்று டாக்டர் சந்தேகிக்கும்போது, முன்பு கோவிட் வந்ததற்கான தடயம் தேட அது உதவும். ஒரு சமூகத்தில் எத்தனை பேருக்கு வந்து போனது என்று ஆராயவும் அதுதான் கருவி. டாக்டர் ஒரு கேள்வியோடு எழுதிக் கொடுத்தால் செய்யுங்கள். தொகுப்பு விலையில், கொழுப்புச் சத்து பரிசோதனையோடு சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

தனியார் ஆய்வுக்கூடங்களுக்கு என் வேண்டுகோள்: இந்தத் தாளைப் பெற்றோர் கையில் கொடுக்கும்போது, இது எதிர்காலத் தொற்றிலிருந்து பாதுகாப்பைக் காட்டாது, தடுப்பூசி பற்றிய முடிவுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்ற இரண்டு வரியை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். மொழிபெயர்த்துத் தர ஆள் இல்லை என்றால் ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம், காசு வாங்காமல் எழுதித் தருகிறோம்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அரசாங்க சுகாதார கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரையோ தாதியையோ அழைத்துத் தமிழில் பேசச் சொல்லுங்கள். நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள்தான் புலனச் செய்திகளால் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். பிள்ளைக்குக் கோவிட் வந்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆர்டிகே செய்துவிட்டு அரசாங்கத்தின் மைசெஜாத்தெரா செயலியில் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். பிறகு டாக்டர் கேட்கும்போது "தீபாவளிக்கு முன்னாலயா பின்னாலயா" என்று திணறுகிறார்கள். பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தின் காலிப் பக்கத்தில் எழுதினாலே போதும்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் சுகாதாரப் பக்கத்தில் ஒரு குழந்தை நல மருத்துவரைக் கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். வாசகர்கள் கேள்வி அனுப்பும்போது பிள்ளையின் வயது, நோய், சாப்பிடும் மருந்து, கோவிட் வந்த மாதம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்,
ஜெலுத்தோங், பினாங்கு